எழுந்திருக்காதவர்கள்

பையில் தொங்குகிற அந்தச் சீட்டைத்தானே பார்க்கிறீர்கள், தம்பி? விமானத்தில் ஒட்டியதுதான். பிய்த்தெறிய மறந்துவிடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டு வைத்திருக்கிறேன். உடுமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது நாலு பேர் பார்க்கட்டும். பார்க்க வேண்டியவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். மீதிப் பேர் அந்தந்த நேரத்தில் ஆளுகிற கட்சிக்குப் போய்விட்டார்கள். இருந்தாலும் பார்க்கட்டும்.

இங்கிலாந்திலிருந்து வருகிறேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. மகன், மகள் என்று எனக்கு அங்கே யாரும் கிடையாது. படிக்கப் போனேன். சிரிக்க வேண்டுமென்றால் சிரியுங்கள், எனக்குக் கோபமில்லை. அறுபத்தொன்பது வயது. எட்டாம் வகுப்பில் நின்றவன். இதோ பாருங்கள் அட்டை, என் படம், பெயர் சி. வேலப்பன், கீழே சின்ன எழுத்தில் ஒரு வார்த்தை இருக்கிறதே, அது மாணவர் என்பதற்கு இங்கிலீஷ். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும், உடனே அங்கே படித்த மந்திரிகளின் பெயரையெல்லாம் அடுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். எண்ணூறு வருடம் பழசு. அவ்வளவு போதும்.

என் பேச்சு கொஞ்சம் புத்தகத் தமிழாக இருக்கிறதா? முப்பது வருடம் மில் வாசலில் மைக் பிடித்தவன், வீட்டிலும் இப்படித்தான் வரும். என் சம்சாரம் இருந்தவரை, "மைக்கை அணைச்சுப்போட்டுப் பேசுங்க" என்பாள். பள்ளிக்கூடம் எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. துண்டறிக்கையும் நாலணாச் சிறு வெளியீடும்தான் கொடுத்தன. சைக்கிள் ஸ்டாண்டில் நின்றபடியே அவற்றை வாசித்து வளர்ந்தவன் நான்.

விஷயம் இதுதான். தொழிலாளர் கல்விக்காக அங்கே ஓர் அறக்கட்டளை இருக்கிறது. வருடத்துக்கு ஒரு வாரம், ஆறு நாட்டிலிருந்து ஆறு சங்கக்காரர்களை அழைத்து அந்தக் கல்லூரியிலேயே தங்க வைக்கிறார்கள். வகுப்பு நடக்கும். வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரும் தன் ஊரில் தானே நடத்திய ஒரு போராட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். அந்தப் பேச்சைப் பதிவு செய்து கல்லூரி நூலகத்தில் வைப்பார்கள். நாம் செத்த பிறகும் இருக்கும். ஒரு பையனோ பெண்ணோ நூறு வருடம் கழித்து வந்து கேட்கலாம்.

அதற்காகத்தான் போனேன். குளிரைப் பார்க்கவா போனேன்? எங்கள் மில்லை இடித்து மனை போட்டுவிட்டார்கள். சங்க அலுவலகம் இருந்த இடத்தில் செல்போன் கடை. சங்கத்துப் பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டது. எண்பத்தொன்பதில் நாங்கள் எழுபத்துநான்கு நாள் நடத்திய வேலைநிறுத்தம் இன்றைக்கு எங்கே இருக்கிறது? என் வாயில் இருக்கிறது. இந்த வாய் மூடினால் அதுவும் போயிற்று.

திங்கட்கிழமை கல்லூரி வாசலில் என்னை அழைத்துப்போக ஒரு பெண் நின்றாள். எனக்கு மொழிபெயர்க்க அறக்கட்டளை ஏற்பாடு செய்த பெண். பெயர் கோகிலா. முப்பத்தைந்து வயதிருக்கும், அங்கேயே ஆராய்ச்சி செய்கிறாள். "வாங்க" என்று அவள் இழுத்த இழுப்பிலேயே நம் பக்கத்துப் பெண் என்று தெரிந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். என்னைத் தோழர் என்று கூப்பிடம்மா என்றேன். "ஐயான்னே கூப்பிட்டுக்கறனுங்க" என்றாள். மரியாதை தெரிந்த பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே போனால் நடுவில் ஒரு புல்வெளி. பச்சைப் பசேல் என்று, சீப்பு வைத்துச் சீவியதைப் போல. மாணவன் அதில் கால் வைக்கக் கூடாதாம், பேராசிரியர் மட்டும் நடக்கலாமாம். நம் ஊரில் மாட்டுக்குத்தான் இப்படித் தடுப்புப் போடுவோம் அம்மிணி, இங்கே படிக்கிறவனுக்குப் போட்டிருக்கிறார்களே என்றேன். கொஞ்சம் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அறைக்குப் போகிற வழியில் எந்த மில், எந்த வருடம் என்று கேட்டாள். சொன்னேன். ரீலிங்கில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டாள். ரீலிங் என்றால் தெரியுமா, தம்பி? நூற்ற நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றி எடுக்கிற பிரிவு. பெண்கள் வேலை. எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? பொம்பளைங்க கொஞ்சப் பேர் இருந்தாங்க அம்மிணி என்றேன். தன் அம்மாவும் மில்லில்தான் வேலை செய்தார் என்றாள். அப்படியானால் நீ தொழிலாளி வர்க்கத்தின் மகள், உனக்குச் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி, உபரி மதிப்பு என்றால் என்ன என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். அவள் ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான் என்று புதன்கிழமை வேறு யாரோ சொல்லித் தெரிந்தது. சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்ல மாட்டாள். அவளுடைய குணமே அதுதான், பேசாமல் இருந்து ஆளைப் பார்ப்பது.

செவ்வாய்க்கிழமை மாலை விருந்து. பெரிய கூடம், சுவரெல்லாம் செத்துப்போன கனவான்களின் படம். கீழே நீள நீளமான மேசைகளில் மாணவர்களும் நாங்களும். ஒரு பக்கம் மேடை, மேடை மேல் குறுக்காக ஒரு மேசை, அது பேராசிரியர்களுக்கு. சாப்பாட்டுக்குக்கூட மேல், கீழ். மணி அடித்தது. முந்நூறு பேரும் தடதடவென்று எழுந்து நின்றார்கள். மேடைக்காரர்கள் கறுப்பு அங்கியோடு வரிசையாக வந்தார்கள். கென்யாவிலிருந்து வந்திருந்த தேயிலைத் தோட்டத்துத் தலைவி என் பக்கத்தில். அவரும் எழுந்துவிட்டார். சங்கத் தலைவி!

நான் எழுந்திருக்கவில்லை.

கோட்டுப் போட்ட பணியாளர் ஒருவர் வந்து என் தோளுக்கு அருகில் குனிந்து ஏதோ சொன்னார். கோகிலா, "எந்திரிக்கோணுமாமுங்க ஐயா, இங்க அது வழக்கமாம்" என்றாள். எங்கள் ஊரிலும் வழக்கமாகத்தான் இருந்தது, அதை நிறுத்தியவனே நான்தான் என்று அவரிடம் சொல் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு அவரிடம் சுருக்கமாக ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய், எனக்கு உட்கார ஒரு சின்ன மெத்தை கொண்டு வந்து கொடுத்தார். மெத்தை எதற்கு என்று கேட்டால், உங்களுக்கு முழங்கால் முடியவில்லை என்று சொல்லிவிட்டேன் என்கிறாள்!

எனக்கு வந்ததே கோபம். நான் நிற்க முடியாதவனா, நிற்க மாட்டேன் என்றவனா? இரண்டும் ஒன்றா? சாப்பாடு முடிந்ததும் ஹார்கிரீவ் என்ற பேராசிரியர் முழங்காலைப் பற்றி விசாரிக்க வந்தார். நல்ல மனிதர், எங்கள் வகுப்புக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. உள்ளதை உள்ளபடி சொல்லம்மா என்று கோகிலாவை அதட்டினேன். அவள் வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். நான் சொன்னது இதுதான்.

எங்கள் மில் முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து ஒரு சட்டம் போட்டான். அவன் சுற்றி வரும்போது எல்லோரும் எழுந்து கை கட்டி நிற்க வேண்டும். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், நூல் அறும், அறுந்த நூலுக்குத் திட்டு வேறு விழும். இருந்தாலும் நிற்க வேண்டும். ஆறு மாதம் நின்றோம். நான் விடவில்லை. வாசல் கூட்டத்தில் பேசினேன், 'எழுந்திராதே' என்று தலைப்புப் போட்டு ஒரு துண்டறிக்கை எழுதினேன், என் எழுத்தில் அதுதான் சிறந்தது என்று சொல்வார்கள். ஒரு நாள் டீ நேரத்தில் ரீலிங் பெண்கள் தரையில் உட்கார்ந்திருக்கும்போது அவன் வந்தான். முப்பத்தொரு பேரும் எழுந்திருக்கவில்லை. முப்பத்தொரு பேரையும் சஸ்பெண்ட் செய்தான். அன்றைக்கே ஆண்கள் நானூற்றிப் பன்னிரண்டு பேரும் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தோம்.

ஹார்கிரீவ் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை கடைசிப் பேச்சு உங்களுடையது, எல்லோரையும் வரச் சொல்கிறேன் என்றார். கடைசிப் பேச்சு யாருக்குக் கொடுப்பார்கள் என்று மேடை ஏறியவனுக்குத் தெரியும்.

புதனும் வியாழனும் அறையில் உட்கார்ந்து பேச்சைத் தயார் செய்தேன். கோகிலா எதிரில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தாள். அவள் கேள்விகள்தான் எனக்கு எரிச்சல். வேலைநிறுத்தத்தை முடித்த ஒப்பந்தத்தில் யார் யார் கையெழுத்து? எத்தனை பிரிவுகள்? ஆறாவது பிரிவில் என்ன இருந்தது? முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒப்பந்தத்தில் ஆறாவது பிரிவைக் கேட்கிறாள்! அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆராய்ச்சிக்காரர்களே இப்படித்தான், பந்தியில் உட்கார்ந்துகொண்டு விறகு எங்கே வாங்கியது என்று கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

உங்களிடம் சொல்வதற்கு என்ன, ஆறாவது பிரிவு எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. 'ரீலிங் பிரிவுத் தொழிலாளர் குறித்துப் பின்னர் பேசி முடிவு செய்யப்படும்.' அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை எழுதியது நான் இல்லை, கம்பெனி வக்கீல். நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். எழுபத்துநான்காவது நாள், தம்பி. பிள்ளைகள் கஞ்சிக்கு அழுகிற வீடுகளை நான் கண்ணால் பார்த்தேன். நானூற்றிப் பன்னிரண்டு பேர் ஒரு பக்கம், முப்பத்தொரு பேர் ஒரு பக்கம். தலைவன் என்ன செய்வான்? ஓர் அடி பின்வாங்கி, இரண்டு அடி முன்னே வைப்பது என்று சொல்வோம். அந்த இரண்டு அடி வைப்பதற்குள் முதலாளி மகன் ரீலிங் பிரிவையே மூடிவிட்டான். அதற்கு நானா பொறுப்பு? தொழிலாளர் அதிகாரியிடம் நான்கு தடவை போனேன். நான்கா, மூன்றா, போனேன். அதுவுமில்லாமல் அந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு வீட்டுக்காரர் மில்லிலேயே இருந்தார்கள். வீட்டுக்கு ஒரு சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று நானே சொல்லக் கூடாது. நாற்பது நிமிடம். கல்லால் கட்டிய பழைய கூடம் அது, குரல் எழும்பிப் போய்க் கூரையைத் தொட்டுத் திரும்பி வந்தது. மில் வாசலில் தகரக் குழாய் வைத்துக் கத்தியவனுக்கு இப்படி ஒரு கூடம் கிடைத்தால் எப்படி இருக்கும்? நான் ஒரு பத்தி பேசுவேன், கோகிலா ஒரு பத்தி சொல்வாள். கை தட்டினார்கள். கென்யாத் தலைவி மேசையைத் தட்டினார். 'நானூற்றிப் பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் தலை நிமிர்ந்து உள்ளே போனோம்' என்று முடித்தேன். முப்பத்தைந்து வருடமாக நான் முடிக்கிற வாக்கியம் அது.

பிறகு ஹார்கிரீவ் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த உட்கார்ந்திருந்த பெண்கள், அவர்களும் எல்லோரும் திரும்பப் போனார்களா?

கோகிலா அதைத் தமிழில் என்னிடம் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

நீங்களே சொல்லுங்கள், நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எண்ணூறு வருடத்துக் கூடம். வெள்ளைக்காரர்கள் நூறு பேர். பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே நின்று, இல்லை ஐயா, ஆறாவது பிரிவு என்று ஒன்று இருந்தது என்று ஆரம்பிப்பதா? நம் போராட்டத்தை நாமே அங்கே குறைத்துப் பேசுவதா? 'எல்லோரும் திரும்பினார்கள்' என்றேன்.

அவள் அதை அப்படியே சொன்னாள் என்றுதான் தோன்றியது. இரண்டே வார்த்தை. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. என்னிடமிருந்து ஓர் அடி தள்ளி நின்றாள். தன் நெஞ்சில் கையை வைத்துத் தன் பெயரைச் சொன்னாள். பிறகு பேச ஆரம்பித்தாள். நான் வாயே திறக்கவில்லை, அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த இங்கிலீஷுக்கு நடுவில் ஒரு பெயர் வந்தது, மயிலாத்தாள் என்று. அந்தக் கூடத்தில் அந்தப் பெயர் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவள் முடித்தாள். யாரும் கை தட்டவில்லை.  கென்யாத் தலைவி எழுந்து, என்னைத் தாண்டிப் போய், கோகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஹார்கிரீவ் என்னிடம் வந்து நன்றி என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். செவ்வாய்க்கிழமை கையைப் பிடித்த மனிதர், வெள்ளிக்கிழமை நன்றி என்றார்.

வெளியே வந்ததும், நான் சொன்னதை மாற்றிச் சொன்னாயா என்று அவளிடம் கேட்டேன்.

"இல்லீங்க ஐயா. நீங்க சொன்னத ஒரு வார்த்தை விடாமச் சொன்னேன். எல்லாரும் திரும்பிப் போனாங்கன்னீங்க, அதையும் சொன்னேன். அதுக்கப்புறம், இது நான் சொல்றதுன்னு எம்பேரச் சொல்லிப்போட்டு, முப்பத்தொரு பேருல ஒருத்தருகூடத் திரும்பிப் போகலீன்னு சொன்னேன். எங்கம்மா போகலீன்னு சொன்னேன்."

உன் அம்மா என்று திங்கட்கிழமையே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"கேட்டனுங்களே. ரீலிங்ல யாராரு இருந்தாங்கன்னு கேட்டேன். பொம்பளைங்க கொஞ்சப் பேருன்னீங்க. புதன்கிழமை ஆறாவது பிரிவக் கேட்டேன். மறந்து போச்சுன்னீங்க. உங்க பேரப் பாத்துப்போட்டு இந்த வேலைய நான்தாங்க கேட்டு வாங்குனேன். நீங்களாச் சொல்லுவீங்களான்னு அஞ்சு நாளும் பாத்துட்டே இருந்தேன்."

என்னை வேவு பார்த்திருக்கிறாள், தம்பி. ஐந்து நாளும். நான் அம்மிணி, அம்மிணி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கோபத்தில் நானும் ஒன்று சொன்னேன். உன் அம்மா அன்றைக்கு உட்கார்ந்திருந்தாளே, அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது, நான் எழுதிய நோட்டீசிலிருந்து வந்தது, அதை மறந்துவிட்டுப் பேசுகிறாய் என்றேன்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சண்டைக்கு வருகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

"எங்கம்மா வேணும்னு உக்காந்திருக்கலீங்க. நான் அவங்க வயித்துல ஏழு மாசம். காலு ரெண்டும் வீங்கி, தரையில உக்காந்தா எந்திரிக்க முடியாது. அந்தாளு வந்து நின்னப்ப எந்திரிக்கப் பாத்திருக்காங்க, முடியல. இவ ஒருத்தி உக்காந்திருந்தா இவள வேலைய விட்டுத் தூக்கிருவான்னு, எந்திரிச்ச பொம்பளைங்களும் திரும்ப உக்காந்துட்டாங்க. உங்க நோட்டீச யாரும் படிக்கலீங்க ஐயா. அந்த முப்பத்தொரு பேருல படிக்கத் தெரிஞ்சவங்களே நாலு பேரு."

எழுந்தவர்கள் திரும்ப உட்கார்ந்தார்களாம். இது எனக்குத் தெரியாத விஷயம், உண்மையிலேயே தெரியாது. யாரும் சொல்லவில்லை. நான் கேட்டேனா என்று கேட்காதீர்கள். இதற்குத் தன்னெழுச்சி என்று பெயர், சிறு வெளியீடுகளில் இதற்கென்று ஒரு பகுதியே உண்டு. தன்னெழுச்சி அதுபாட்டுக்குக் கிளம்பும், ஒரு தலைமை வந்துதான் அதைப் போராட்டமாக ஆக்க வேண்டும். அந்தத் தலைமை நான்தானே? இதை அவளிடம் சொன்னேன். ஆமாங்க என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆமாங்க.

சனிக்கிழமை நூலகத்தில் கையெழுத்து. பேசினவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் பதிவு உள்ளே போகும், இல்லாவிட்டால் அழித்துவிடுவார்கள். படிவம் இங்கிலீஷில் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் முழுதும் விளக்கி, விளக்கினேன் என்று தானும் கையெழுத்துப் போட வேண்டுமாம். நூலக அம்மாள் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்.

நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். அது என்னுடைய பேச்சு. என் பேச்சில் இன்னொருவர் பேச்சு எதற்கு? அதை எடுத்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் எதுவுமே வேண்டாம், அழித்துவிடுங்கள். பேரம் பேசுவது எனக்குப் புதிதில்லை. நூலக அம்மாள் கோகிலாவைப் பார்த்தார். அவள் சண்டை போடுவாள், ஹார்கிரீவைக் கூப்பிடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த அம்மாள் படிவத்தில் பேனாவால் ஒரு வரி சேர்த்தார்.

கோகிலா ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னாள். அந்தச் சேர்த்த வரிக்கு வந்ததும், 'மொழிபெயர்ப்பாளர் தன் பெயரில் கூறியவை பதிவிலிருந்து நீக்கப்படும்' என்றாள். இன்னொரு தடவை படி என்றேன். படித்தாள். எத்தனையோ ஒப்பந்தம் பார்த்தவன், ஒரு வரியில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு தடவை கேட்க வேண்டும் என்பது என் வழக்கம். கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கீழே அவள் போட்டாள்.

ஆக, நான் ஜெயித்தேன். நாற்பது நிமிடம், சுத்தமாக, அந்த நூலகத்தில் இருக்கிறது. நூறு வருடம் கழித்து வருகிறவன் கேட்பான், நானூற்றிப் பன்னிரண்டு பேரும் தலை நிமிர்ந்து உள்ளே போனதை. அந்தக் கேள்வியையும் பதிலையும் சேர்த்தே கேட்பான். நான் ஜெயித்தேன், தம்பி. அப்புறம் ஏன் விமானத்தில் பத்து மணி நேரமும் கண்ணை மூடவில்லை என்றால், சீட் குறுகல். காலை நீட்ட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை விமான நிலையத்துக்குப் போகிற பஸ் வரை அவளே வந்தாள். நான் வேண்டாம் என்றேன். பெட்டியை அவளே இழுத்துக்கொண்டு வந்தாள்.  பஸ் வந்து நின்ற பிறகுதான், கேட்க வேண்டுமே என்று, அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லா இருக்காங்க. நீங்க வர்றீங்கன்னு போன வாரமே போன்ல சொன்னனுங்க. 'வேலப்பன் நல்லாப் பேசுவாரு, வாசல் கூட்டத்துல நாங்க முன்னாடி போய் உக்காந்துக்குவோம், அவரு சொல்றத ஒண்ணு விடாம அவங்களுக்குச் சொல்லோணும், தப்பாச் சொல்லிப்போடாதே'ன்னாங்க."

அவள் ஏன் அதைச் சொன்னாள் என்று தெரியவில்லை. குத்துவதற்கா? குத்துகிறவள் முகம் அப்படி இருக்காது. பெட்டியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன். 

அப்போதுதான் ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "அம்மாகிட்டக் கொடுத்துருங்க ஐயா, உங்க வழிதானுங்க" என்றாள். தபாலில் அனுப்பலாமே என்றேன். "நீங்க கொடுத்தா அவங்களுக்குச் சந்தோசமா இருக்கும்" என்றாள்.

இதோ, இதுதான். மெத்தென்று இருக்கிறது. நான் பிரித்துப் பார்க்கவில்லை.

நீங்கள் ஊத்துப்பாளையத்துக்குப் பாதை பிரியும் அந்தப் பிரிவில் இறங்குகிறவர்தானே? உக்கடத்தில் டிக்கெட் வாங்கும்போது காதில் விழுந்தது. விழுந்ததால்தான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன், முன்னால் சீட் காலியாகத்தான் இருந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரிய வேலை இல்லை. பிரிவில் இறங்கி உள்ளே நடந்தால் வேப்பமரம் ஒன்று, அதைத் தாண்டி வலது கை பக்கம் மூன்றாவது வீடு. மயிலாத்தாள் என்று கேட்டால் குழந்தைகூடக் காட்டும். கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். யார் கொடுத்தது என்று கேட்டால், பஸ்ஸில் ஒருவர் என்று மட்டும் சொல்லுங்கள்.

நானே இறங்கிக் கொடுக்கலாமே என்கிறீர்களா? கொடுக்கலாம். ஆனால் அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். அவ்வளவு நேரம் அந்த வீட்டில் உட்கார்ந்து நான் என்ன பேசுவது? பேச்சு எப்படிப் போயிற்று என்று அந்த அம்மாள் கேட்பார்.

பெயரே ஞாபகம் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னவனுக்கு வீடு மட்டும் எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாள் அந்த வாசல் வரைக்கும் போனேன். ஆறாவது பிரிவைப் பற்றி நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே சேலையில் தொட்டில் கட்டியிருந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டுகிறவர் கை மட்டும்தான் வெளியிலிருந்து தெரிந்தது. நான் கூப்பிடவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

பிடியுங்கள், தம்பி. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டான். இறங்குங்கள்.